சங்குமேடு எடையிழந்த முப்பத்தெட்டு நாட்கள்

காரைக்கால் அம்மையார் சாட்சி, மஸ்தான் சாகிபு தர்கா சாட்சி, தேற்றரவு மாதா சாட்சி: இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. ஒரே ஒரு சொல் பொய்யென்று அகப்பட்டாலும், திருநள்ளாற்றில் குடியிருப்பவர் ஏற்கெனவே கொடுத்திருக்கும் ஏழரையோடு இன்னோர் ஏழரையைச் சேர்த்துக் கொடுக்கட்டும்; வாங்கிக்கொள்வதில் ஆட்சேபணை இல்லை.

2006ஆம் ஆண்டு மாசி மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்கு, பட்டினச்சேரிக்கு வடக்கே உள்ள சங்குமேடு என்ற மீனவக் கிராமம் தன் எடையை இழந்தது. வீடுகள் தரையை விட்டு ஒரு சாண் நாலு விரல் எழும்பி, அதற்கு மேல் போக இஷ்டமில்லாதவை போல அங்கேயே நின்றன. கரையில் கிடந்த படகுகளும் அப்படியே. காயப்போட்ட வலைகள் கல்யாணப் பந்தல் மாதிரி விரிந்து நின்றன. ஆடுகள் காற்றில் நாலு எட்டு நடந்து பார்த்துவிட்டு, பிரயோசனமில்லை என்று அசைபோட ஆரம்பித்தன. சத்தம் எதுவும் இல்லை. சோறு வடித்துக்கொண்டிருந்த பெண்களுக்குத்தான், கஞ்சி கீழே விழாமல் பாதி வழியில் நின்றதைப் பார்த்து விஷயம் முதலில் தெரிந்தது.

அந்த நேரத்தில் அஞ்சுகம் கிராமத் தகவல் மையத்தில், கம்ப்யூட்டருக்கு முன்னால், தன் கருவாட்டுக் கூடையின் மேல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வயது நாற்பத்தாறு. வாளைக் கருவாடு போடுவதில் அந்தக் கரையில் அவளுக்கு மேல் ஆள் கிடையாது. புருஷன் முத்தையன் ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவன். பத்தொன்பது வருஷமாகக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு போலகம், சுரக்குடி என்று தெருத் தெருவாகப் போய் விற்றதில் அவளுக்குக் கழுத்தெலும்பு தேய்ந்துபோயிருந்தது. இனிமேல் தலையில் ஒரு செம்பு தண்ணீர்கூட வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். திருமலைராயன்பட்டினத்தில் கருவாட்டு மொத்தக் கடை வைத்திருக்கும் ஜெய்னுலாபுதீன் பாய், அவளுடைய சரக்கை முழுவதும் தானே எடுத்துக்கொண்டு மலேசியாவுக்கு ஏற்றுவதாகச் சொல்லியிருந்தார். மார்ச் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குள் ஒரு கூடை மாதிரிச் சரக்கைக் கொண்டுவந்து தராசில் வைத்து நிறுத்துக் காட்ட வேண்டும். காட்டினால் கழுத்து பிழைத்தது. தவறினால் பாய் நாகூரில் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்.

அவள் கம்ப்யூட்டருக்கு முன்னால் வந்து உட்கார்ந்த கதையையும் சொல்ல வேண்டும். கடல் ஊருக்குள் வந்து போன மறு வருஷத்திலிருந்து அந்தக் கரையில் மீனைவிடப் பயிற்சி அதிகமாகக் கிடைத்தது. மெழுகுவத்திப் பயிற்சி, பினாயில் பயிற்சி, சணல் பைப் பயிற்சி என்று வேனில் வந்து இறங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். சங்குமேட்டுப் பெண்கள் ஒன்றையும் விடவில்லை. அவர்கள் செய்த மெழுகுவத்தி ஏற்றினால் நெத்திலி வாசம் வந்தது என்பதைத் தவிர வேறு குறை சொல்ல முடியாது. ஆறாவதாக வந்தது கம்ப்யூட்டர். ஏலக் கொட்டகைக்குப் பக்கத்தில் புதுக் கட்டடம் கட்டி, கூரைமேல் கடல் அலையின் உயரத்தை அறிவிக்க ஒலிபெருக்கி வைத்து, மகளிர் குழுவுக்கு மூன்று வாரப் பயிற்சி என்று போர்டு மாட்டினார்கள். காரைக்காலிலிருந்து பஸ்ஸில் வந்து சொல்லிக் கொடுத்தவள் ஜஸீலா. புருஷன் ஷார்ஜாவில், பொறுமை அவளிடத்தில். மவுஸ் என்று ஒன்றைக் கையில் கொடுத்தபோது அஞ்சுகம் மீன் பார்க்கும் வழக்கப்படி அதைத் திருப்பி வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். உள்ளேயிருந்து ஒரு உருண்டை கழன்று விழுந்தது. கெட்டுப்போகவில்லை, புதுசுதான் என்று சொல்லித் திருப்பி வைத்தாள்.

ஜஸீலா அவர்களுக்குச் சொன்னது இதுதான்: ஊர் விவரம் முழுவதையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால், பிறப்புச் சான்றிதழுக்கும் ரேஷன் கார்டுக்கும் காரைக்காலுக்கு அலைய வேண்டாம், யார் யாரிடம் என்ன சரக்கு எவ்வளவு இருக்கிறது என்று வெளியூர் வியாபாரிகள் அங்கங்கே உட்கார்ந்த இடத்தில் பார்த்துக்கொள்வார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். யாருக்கும் அந்தக் கடைசி விஷயம் பிடிக்கவில்லை.

ஏனென்றால் சங்குமேட்டில் இருப்பதை இருக்கிறது என்று சொல்லும் வழக்கம் எந்தக் காலத்திலும் கிடையாது. சொன்னால் கண் பட்டுவிடும். இரண்டு பேர் சேர்ந்து ஒரு சுறாவை மணலில் இழுத்துக்கொண்டு வரும்போது, மீன்பாடு எப்படி என்று கேட்டால், சும்மாதான் போய்விட்டு வந்தோம் என்பார்கள். ஒன்பது மாதக்காரியைக் கேட்டால் வயிற்று உப்புசம் என்பாள். அஞ்சுகம் இதில் மற்றவர்களைவிட ஒரு படி மேல். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு முறை, பஸ் கண்டக்டர் ஒருவர் சிநேகமாகக் கேட்டார் என்று, வீட்டில் நாற்பது கூடை காய்கிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். பஸ் திருநள்ளாறு போய்ச் சேர்வதற்குள் மழை பிடித்து மூன்று நாள் விடவில்லை. நாற்பது கூடையும் புழுத்தது. அதிலிருந்து அவளிடம் மணி கேட்டால்கூட ஒன்றுமில்லை என்றுதான் பதில் வரும்.

ஆகவே ஜஸீலா அறுபத்து நாலு கட்டம் கொண்ட படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் கூப்பிட்டபோது நடந்தது நடந்தே தீர வேண்டியது.

"அக்கா, கருவாடு எத்தனை கிலோ இருக்கும்?"

"ஒண்ணுமில்லம்மா."

"கூடைக் கணக்குல சொல்லுங்க."

"கூடையே இல்ல."

"நீங்க ஒக்காந்திருக்கிறதே கருவாட்டுக் கூடை மேலதான் அக்கா."

"இது சும்மா, ஒக்கார்றதுக்கு."

ஜஸீலா பூஜ்யம் போட்டாள். படகு பூஜ்யம், வலை பூஜ்யம், ஆடு கோழி பூஜ்யம், வீடு என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. அஞ்சுகத்தின் நாத்தனார் சந்திரா மட்டும் விரல் கனத்தில் தவறுதலாக ஆடு என்ற கட்டத்தில் ஒன்று என்று அடித்துவிட்டு, அதை அழிக்கத் தெரியாமல் விட்டுவிட்டாள். ஆட்களின் எண்ணிக்கையை மட்டும் ரேஷன் கார்டை உத்தேசித்து எல்லோரும் தாராளமாகக் கூட்டிச் சொன்னார்கள். கடைசியில் பஞ்சாயத்துத் தலைவர் அம்பலவாணன் வந்தார். உள்ளூர் தலைவர்கள் என்ற கட்டத்தைப் படித்துக் காட்டியதும் அவருக்கு அடக்கம் பொங்கிவிட்டது. நானெல்லாம் ஒரு ஆளா, யாரும் இல்லை என்று போடு தாயே என்றார். மேலும் அன்றைக்குப் புதுச் சட்டை போட்டிருந்தார். கண் பட்டுவிடும் என்ற பயமும் உண்டு. ஜஸீலா அதற்கும் ஒரு பூஜ்யம் போட்டு, பதிவு செய் என்ற இடத்தை அமுக்கினாள். அப்போது மணி பதினொன்றேகால்.

இல்லை என்று பதிந்ததெல்லாம் எழும்பியது. கூட்டிச் சொல்லப்பட்ட ஆட்கள் மட்டும் கூடுதல் கனமாகி, கணுக்கால் புதையப் புதைய மணலில் நடந்தார்கள். அம்பலவாணன் பனைமர உயரத்துக்குப் போகவிருந்தவரை, முத்தையன் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்து, துண்டால் கொடிக்கம்பத்து உச்சியில் கட்டிப்போட்டான். மரியாதை குறையக் கூடாது என்று துண்டைத் துவைத்துத்தான் கட்டினார்கள்.

சும்மா சொல்லக் கூடாது, ஆண்களுக்கு முதல் இரண்டு நாள் சந்தோஷம்தான். இருபது பேர் தோள் கொடுத்துத் தள்ளும் படகு சுண்டுவிரலுக்குக் கட்டுப்பட்டது. ஆனால் தண்ணீருக்குப் போன பிறகும் அது தண்ணீரின் மேல் ஒரு சாண் நாலு விரல் உயரத்திலேயே நின்றது. மோட்டார் விசிறி காற்றில் சுற்றியது. ஈயக்குண்டு கட்டிய வலை அலைமேல் பாய்போல மிதந்தது; மீன்கள் அடியில் நிழலுக்கு ஒதுங்கின. மூன்றாம் நாள் கரைக்கு வந்தவர்களிடம் பாடு எப்படி என்று கேட்டபோது ஒன்றுமில்லை என்றார்கள். அந்த ஊர் வரலாற்றிலேயே அந்தப் பதில் உண்மையாக இருந்தது அன்றைக்குத்தான், கேட்டவர்கள் நம்பவில்லை.

விஷயம் மேலிடத்துக்குப் போயிற்று. காரைக்காலிலிருந்து ஒரு கோப்பு பாண்டிக்குப் போய்ச் சேர்வதற்குள் தமிழ்நாடு குறுக்கே வந்துவிடும். வழக்கமாக அதில் ஒரு மாதம் ஓடும். இந்தக் கோப்பு சங்குமேட்டில் கையெழுத்தானதால் கனமில்லாமல் இரண்டே நாளில் போய்விட்டது. மூன்று அதிகாரிகள் ஜீப்பில் வந்து நாடா பிடித்து அளந்தார்கள். வீடுகள் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன, தரைதான் ஒரு சாண் நாலு விரல் இறங்கியிருக்கிறது என்று எழுதி, தரையை எச்சரிக்கும்படி சிபாரிசு செய்துவிட்டுப் புறப்பட்டார்கள்.

அஞ்சுகத்துக்கு ஊர் எழும்பினதில் பெரிய வருத்தமில்லை. படியேறி வீட்டுக்குள் போவது ஒரு கௌரவமாகத்தான் இருந்தது. அவளுக்கு இருந்தது ஒரே கவலை. மாசி கடைசியில், வாளைக் கருவாட்டுக் கூடையைப் பட்டம் மாதிரி கயிற்றில் பிடித்துக்கொண்டு, பாய் கடைக்கு ஒரு முறை போய்ப் பார்த்தாள். பாய் கருவாட்டை ஒடித்து முகர்ந்து, வெயில் சரியாகப் பட்டிருக்கிறது என்று பாராட்டித் தராசில் வைத்தார். எதிர்த்தட்டில் ஒரு கிலோ கல்லை வைத்தார். கல் இறங்கியது. அரைக்கிலோ வைத்தார். ஐம்பது கிராம் வைத்தார். பிறகு கல்லை எடுத்துவிட்டு ஒரு ஏலக்காயை வைத்தார். ஏலக்காய் இறங்கியது.

"மூக்குக்குத் தெரியுது, கண்ணுக்குத் தெரியுது," என்றார் பாய். "தராசுக்குத் தெரியலையே அஞ்சுகம். நா மலேசியாக்காரனுக்கு என்னன்னு பில்லு போட?"

சந்திரா வேறு வழி பார்த்தாள். கருவாட்டில் மணல் கலந்து கனம் ஏற்றுவது தெரிந்த வித்தைதான். மணல் கனம் போதாது என்று, போலகத்திலிருந்து இரண்டு செங்கல் கொண்டுவந்து கூடைக்கு அடியில் கட்டினாள். வாங்கியவள் குழம்பில் செங்கல் கிடந்ததாகத் தெருவில் நின்று பேசிவிட்டுப் போனாள்.

காரணத்தைக் கண்டுபிடித்தவள் ஜஸீலா. ஊரில் தரையில் நின்றுகொண்டிருந்த ஒரே ஆடு சந்திராவுடையது. படிவத்தில் பூஜ்யமில்லாத ஒரே ஆடும் அதுதான். உடனே அவள் தானே ஒரு மதிப்புப் போட்டு எல்லாக் கட்டத்தையும் நிரப்பிப் பார்த்தாள். ஊர் ஒரு முறை குலுங்கிவிட்டு மறுபடியும் எழும்பியது. அடுத்தவர் போட்ட கணக்கை அது ஒத்துக்கொள்ளவில்லை. உடையவர் வாயைத் திறந்து உள்ளதைச் சொல்லி அடித்தால்தான் இறங்கும் போலிருந்தது. ஜஸீலா இதை ஊர்க் கூட்டத்தில் சொன்னாள். யார் முதலில் சொல்வது என்ற கேள்வி வந்ததும் கூட்டம் கலைந்தது. எடை போனால் போகட்டும், கண் பட்டால் யார் பொறுப்பு? கொடிக்கம்பத்திலிருந்து அம்பலவாணன் அவரவர் மனசாட்சிப்படி நடக்கும்படி கேட்டுக்கொண்டார். இப்படியே இன்னும் இரண்டு வாரம் போனது.

மார்ச் முப்பதாம் தேதி, வியாழக்கிழமை, பாய் சொன்ன கெடுவுக்கு ஒரு நாள் முன்னதாக, ஜஸீலா மைக்கில் அலையின் உயரத்தை வாசித்து முடித்த நேரத்தில் அஞ்சுகம் தகவல் மையத்துக்கு வந்தாள். குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, முந்தானையில் எலுமிச்சம்பழமும் மிளகாய் வற்றலும் முடிந்திருந்தாள். ஜன்னல்களைச் சாத்தினாள்.

"டீச்சர், நீயும் கொஞ்சம் வெளிய நில்லும்மா."

"நா யாருகிட்ட சொல்லப் போறேன் அக்கா?"

"ஒங் கண்ணு நல்ல கண்ணுதான். இருந்தாலும் கண்ணு கண்ணுதான?"

கதவு சாத்தப்பட்டது. அஞ்சுகம் எழுத்துக் கூட்டிப் படிப்பது போல எண்ணையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித்தான் அடிப்பாள். முன்னாலிருந்த மைக்கை அலங்காரச் சாமான் என்று நினைத்தாள். அது திறந்தே இருந்தது. வாளைக் கருவாடு நாற்பத்திரண்டு கூடை என்று கூரைமேல் ஒலிபெருக்கி அறிவித்தது. கட்டிலுக்கு அடியில் பதினொன்று, சாமி படத்துக்குப் பின்னால் ஆறு. ஏலக் கொட்டகையில் இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். வெளியே நின்ற ஜஸீலா கதவில் கை வைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, கையை எடுத்துக்கொண்டாள். வலை மூன்று, ஆடு நாலு, கோழி ஒன்பது. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அஞ்சுகம் வீட்டுப் பக்கம் தொம் தொம் என்று சத்தம் கேட்டது. கட்டமெல்லாம் முடிந்த பிறகும் குரல் நிற்கவில்லை.

"போன வருஷக் கணக்குக்குக் கட்டம் இல்ல போலருக்கு. இருந்தாலும் சொல்லிடுறேன். கடல் வந்து போன பெறகு எங்கிட்ட ஒம்போது கூட தப்பிச்சிது. தொழில் தொடங்க ஒரே ஒரு கூட கொடுங்க அண்ணின்னு சந்திரா வந்து வாசல்ல நின்னா. ஒண்ணுமில்லன்னேன். கதவுக்குப் பின்னாடி ஒம்போதும் இருந்துச்சு. அது என்னமோ கழுத்துல கெடந்து உறுத்துது."

கதவைத் திறந்து வெளியே வந்தபோது ஊரே நின்றுகொண்டிருந்தது. முத்தையன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். அஞ்சுகம் ஒலிபெருக்கியைப் பார்த்தாள், மைக்கைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். எலுமிச்சம்பழம் முந்தானையிலிருந்து தானாக அவிழ்ந்து உருண்டது. சந்திரா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அடிக்கப் போகிறாள் என்று நாலு பேர் இடம் விட்டார்கள். அவள் அண்ணியைத் தாண்டிப் போய், கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அன்னிக்கு எங்கிட்ட ஏழு கூட இருந்துச்சு," என்றது ஒலிபெருக்கி. "அண்ணிகிட்ட எவ்வளவு இருக்குன்னு பாத்துட்டு வரலாம்னுதான் போனேன்."

இதற்கு மேல் மறைக்க அந்த ஊரில் ஒன்றும் மிச்சமில்லை. வரிசை ஏலக் கொட்டகையைச் சுற்றி வளைந்து நின்றது. மூன்று மணி வரைக்கும் ஒவ்வொருவராக வந்து, கேட்காததையும் சேர்த்துச் சொன்னார்கள். வீடுகளும் படகுகளும் ஒவ்வொன்றாகத் தரைக்கு இறங்கின. ஆட்களும் மெய்யான எண்ணிக்கைக்கு வந்து லேசானார்கள். கண் படும் என்ற பயமும் வீணாயிற்று. ஊரே ஊர்மேல் கண் வைத்ததில், கண்ணேறு எந்த வீட்டுக்குப் போவது என்று தெரியாமல் திண்டாடிக் கடலுக்குள் போய்விட்டது. அந்த வாரம் முழுவதும் மத்தி மீன்கள் தலைச்சுற்றல் வந்தவை போலத் தாமாகவே வலைக்குள் வந்து விழுந்தன. கடைசி ஆளாக அம்பலவாணனைக் கயிறு கட்டி உள்ளே இறக்கினார்கள். தலைவராக இருந்த பதிமூன்று வருஷத்தில் ஊருக்குச் செய்த காரியங்கள் எத்தனை என்று ஜஸீலா கேட்டாள். எல்லோரும் உண்மை சொல்லிக்கொண்டிருந்த நேரம். அவரும் நன்றாக யோசித்து, விரல் விட்டுப் பார்த்து, ஒன்றுமில்லை என்றார். அது உண்மையாக இருந்ததால் பூஜ்யம் பூஜ்யமாகவே பதிவாயிற்று. அவரை மறுபடியும் கொடிக்கம்பத்துக்குக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் அஞ்சுகமும் சந்திராவும் ஆளுக்கு ஒரு காது பிடித்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள். பாய் தராசில் வைத்தார். தட்டு இறங்கியது. கடையில் சரக்கு வாங்க வந்தவர்கள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள்.

"சரி, வீட்ல மொத்தம் எவ்வளவு இருக்கு? மாசா மாசம் ஏத்தணும், உள்ளதச் சொல்லு."

அஞ்சுகம் சுற்றிலும் நின்றவர்களின் கண்களைப் பார்த்தாள். ஒவ்வொன்றும் உரலளவு தெரிந்தது. கொறச்சி சொல்லுங்க அண்ணி என்று சந்திரா காதுக்குள் சொன்னாள். அஞ்சுகத்தின் வாய் வழக்கம்போல ஒன்றுமில்லை என்பதற்குத் திறந்தது. தராசுத் தட்டு ஒரு விரற்கடை மேலே எழும்பியது. அவள் வாயை மூடினாள். தட்டு யோசித்துக்கொண்டு நின்றது. கழுத்து வலித்தது.

"நாப்பத்திரண்டு," என்றாள். "நாத்தனாரோடது தனியா பதினாறு."

தட்டு 'ணங்' என்று இறங்கியதில் எதிர்த்தட்டுக் கற்கள் துள்ளி விழுந்தன. பாய் மாஷா அல்லாஹ் என்றார். அதைச் சொன்னால் கண் படாது என்பது அவர்கள் பக்கத்து ஏற்பாடு. அஞ்சுகம் அதை ஒரு முறை கூடச் சொல்லும்படி கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அதிலிருந்து மாதம் ஒரு முறை பாயின் வேன் சங்குமேட்டுக்கே வந்து சரக்கை ஏற்றிக்கொண்டு போகிறது. அஞ்சுகம் அதற்குப் பிறகு தலையில் பூவைத் தவிர எதையும் சுமக்கவில்லை. அம்பலவாணன் இறங்கவில்லை. முதலில் கூச்சப்பட்டார், பிறகு அங்கேயிருந்து பார்த்தால் எந்தப் படகு எங்கே நிற்கிறது, மேகம் எந்தப் பக்கம் திரளுகிறது என்பதெல்லாம் தெரிவதை உணர்ந்து கூவிச் சொல்ல ஆரம்பித்தார். பதிமூன்று வருஷத்தில் முதல் முறையாக அவரால் உபகாரம் ஏற்பட்டிருப்பதால், கீழே இறக்கும் யோசனையை ஊர் கைவிட்டது. தேர்தலில் அவரை எதிர்த்து யாரும் நிற்பதில்லை. மத்தியானச் சாப்பாடு கொடிக்கயிற்றில் மேலே போகிறது.

இவ்வளவும் நடந்தது 2006 பிப்ரவரி, மார்ச் மாதங்களில். அந்தத் தகவல் மையக் கட்டடத்துக்கு மின்சாரம் வந்தது 2007 ஆகஸ்ட் பதினான்காம் தேதி.